கவுன்சில் பராமரிப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைகள்: 18க்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளூராட்சி) பொறுப்பில் வளரும் பிள்ளைக்கு 18 ஆனதும் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டமும், அதை விரிவாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டமும் 25 வயதுவரை கவுன்சிலின் பொறுப்பை நீட்டியிருக்கின்றன. ஆனால் அந்த உரிமை யாருக்கு உண்டு என்பது 16, 17 வயதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அப்போது விடும் பிழையை 19 வயதில் திருத்துவது பெரும்பாடு. (ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.)

முழு உரிமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரமாவது கவுன்சில் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும்; அதில் கொஞ்சமாவது 16 ஆன பிறகு வர வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் நடப்பதுதான் மிகப் பெரிய தவறு. வீட்டில் சண்டை, 17 வயதுப் பிள்ளை வெளியே நிற்கிறது. கவுன்சிலில் கேட்பார்கள்: “கேரில் வர விருப்பமா, இல்லை ஹாஸ்டலில் ஒரு அறை போதுமா?” கேர் (கவுன்சில் பராமரிப்பு) என்றாலே பிள்ளைக்கு வெட்கம்; பெற்றோருக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை. அறை போதும் என்று கையெழுத்து விழுந்துவிடும். அந்த அறையை வீட்டுவசதிப் பிரிவு கொடுத்திருந்தால், அங்கே கழிந்த வாரங்கள் 13இல் சேராது. சதர்க் கவுன்சில் வழக்கில் 2009இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கியது: இப்படி வரும் 16, 17 வயதினரைச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் சமூக சேவைப் பிரிவுதான் பார்க்க வேண்டும், வீட்டுவசதிப் பிரிவிடம் தள்ளிவிடக் கூடாது. பிள்ளை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் எதை இழக்கிறோம் என்று விளங்கிய பிறகு சொல்லட்டும்.

பெரியம்மா வீட்டில், சித்தப்பா வீட்டில் வளரும் பிள்ளைகள் விஷயத்திலும் இதே குழப்பம். சோஷியல் வொர்க்கர் வந்துபோகிறார் என்பதற்காகப் பிள்ளை பராமரிப்புக் கணக்கில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் பிள்ளை உங்களிடம் இருக்கிறது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வரும் பதிலுக்கு மதிப்புக் குறைவு.

அடுத்தது விசா. தனியாக வந்து தஞ்சம் கேட்ட பிள்ளைக்கு அகதி அந்தஸ்து கிடைக்காமல், சிறுவர் என்பதற்காக மட்டும் வதிவிட அனுமதி கிடைத்திருந்தால், அது 30 மாதத்துக்கோ பதினேழரை வயதுவரைக்கோதான். எது முந்துகிறதோ அது. முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் 18க்குப் பிறகு கவுன்சில் உதவியே கேள்விக்குறியாகலாம்; உதவி இல்லாவிட்டால் மனித உரிமை மீறப்படுமா என்று மதிப்பிட்டுத்தான் தருவார்கள். நிரந்தர வதிவிடம் உள்ள பிள்ளைகளுக்கு வேறொரு கெடு. கவுன்சில் பராமரிப்பில் இருக்கும் சிறுவர் பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதிய 2022 ஜூன் முதல் ஹோம் ஆபீஸ் கட்டணம் வாங்குவதில்லை. 18 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். தகுதி இருக்கிறதா என்று 16 வயதிலேயே ஒரு சொலிசிட்டரிடம் காட்டுவது நல்லது. கவுன்சில் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். சோஷியல் வொர்க்கர் மாறும்போது இந்தக் கோப்புதான் முதலில் மறக்கப்படும்.

பாத்வே பிளானை, அதாவது பிள்ளையின் அடுத்த கட்டத்துக்குக் கவுன்சில் எழுதும் திட்டத்தை, யாரும் ஒழுங்காக வாசிப்பதில்லை. “சுயமாக வாழப் பழகுவார், பட்ஜெட் போடக் கற்பார்” என்று எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் கேட்க முடியாது. “சமையல் பாத்திரம், கட்டில், ஃப்ரிட்ஜ் வாங்கக் கவுன்சில் பணம் தரும், பொறுப்பு பெர்சனல் அட்வைசர், மார்ச் மாதத்துக்குள்” என்று இருந்தால் கேட்கலாம். (பெர்சனல் அட்வைசர் என்பவர் இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டக் கவுன்சில் நியமிக்கும் ஆள்.) ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிளானைத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போது திருத்தச் சொல்லுங்கள்.

பணம் கேட்காமல் கிடைக்காது. புது வீட்டில் குடியேற அரசு சிபாரிசு செய்யும் தொகை 3,000 பவுண்டு. பெரும்பாலும் கையில் காசாக வராது. பல்கலைக்கழகம் போனால் கவுன்சில் 2,000 பவுண்டு தர வேண்டும், விடுமுறையில் தங்க இடமும் தர வேண்டும். அப்ரன்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் 3,000 பவுண்டு பர்சரி (உதவித்தொகை) இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப் பணத்துக்கு 18ஆவது பிறந்தநாளுக்கு 28 நாள் முன்பே ஆயத்தம் தொடங்கலாம். அதற்குள் வங்கிக் கணக்கும் அடையாள ஆவணமும் இருக்க வேண்டும். தனியாக ஃப்ளாட் எடுப்பவருக்கு வாடகை உதவியை ஓர் அறைக்கான அளவுக்குக் குறைக்கும் விதி, கேரில் இருந்தவர்களுக்கு 25 வயதுவரை இல்லை. அந்தப் பணத்தைக் கவனிக்கும் ஜாப்சென்டர் அலுவலகத்தில் நீங்களே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளூர் வரி) விலக்கு மட்டும் இடத்துக்கு இடம் வேறு. வீடு மாறுவதற்கு முன் அந்தக் கவுன்சிலில் கேளுங்கள்.

கவுன்சில் ஒப்படைத்த பிள்ளையைத் தங்கள் வீட்டில் வளர்க்கும் ஃபோஸ்டர் குடும்பங்களுக்கு ஒன்று. பிள்ளை 21 வயதுவரை உங்களோடு தங்கும் ‘ஸ்டேயிங் புட்’ ஏற்பாடு 2014 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 18க்குப் பிறகு அது ஃபோஸ்டரிங் ஆகாது. கிடைக்கும் தொகை பெரும்பாலும் குறையும், பிள்ளையும் வாடகையில் பங்கு கொடுக்க வேண்டி வரலாம். பாசமாக வளர்த்த பிள்ளையோடு காசைப் பற்றிக் கதைக்கக் கூச்சப்பட்டு, பிறந்தநாளுக்குப் பிறகு இரண்டு தரப்பும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பதைவிட, 17 வயதிலேயே கவுன்சிலையும் உட்காரவைத்துக் கதைத்துவிடலாம்.

21க்குப் பிறகு அட்வைசரின் போனை எடுக்காமல் விட்டு, கேஸை மூடிவிட்டார்கள் என்றால் அதோடு எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 25க்குள் திரும்பிப் போய்க் கேட்கலாம். படிப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2018 ஏப்ரல் முதல் இல்லை. மறுத்தால் எழுத்தில் முறையிடுங்கள். முறையீட்டுக்கு உதவ இலவசமாக ஒரு அட்வகேட்டை (உங்கள் சார்பில் பேச உதவுபவரை) கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கும் சரிவரவில்லை என்றால் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்கு முன் உங்கள் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் இல்லை, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். 13 வாரக் கணக்கு அந்தக் கோப்பில்தான் இருக்கும்.