கைக்குழந்தையோடு கிருஷ்ணகிரி, தர்மபுரிக்கு: முதல் கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தையை வீடியோ காலில் மட்டுமே பார்த்துப் பழகிய தாத்தா பாட்டிக்கு, டிசம்பர் நெருங்கினால் இருப்புக் கொள்ளாது. எலத்தகிரி, கோவிலூர் மாதிரி கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய கிறிஸ்தவ ஊர்களில், ஒரு குழந்தையின் முதல் கிறிஸ்துமஸ் என்றால் தெருவே எதிர்பார்த்திருக்கும். அவசியம் போங்கள். ஆனால் 24ஆம் தேதி காலை பெங்களூரில் இறங்கி அன்றிரவே நள்ளிரவுத் திருப்பலியில் நிற்கும்படி டிக்கெட் போடாதீர்கள். குழந்தையின் தூக்கமும் வயிறும் ஊருக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். நாள் கணக்கைக் குழந்தையை வைத்துப் போட்டால் பண்டிகை தானாக நன்றாக நடக்கும்.

கைக்குழந்தை என்றாலும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விசா அல்லது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது). ஓசிஐ கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். நாள் குறைவாக இருந்து, உங்கள் நாட்டுக்கு இ-விசாவும் உண்டென்றால், இந்த முறை அதில் போய்விட்டு ஓசிஐயைப் பிறகு பார்ப்பது நிம்மதி. நீங்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து குழந்தைக்கும் இந்தியப் பாஸ்போர்ட் எடுப்பதென்றால், பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவிடுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். அம்மா மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், பெயர் ஏன் பொருந்தவில்லை என்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழும், அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். 6 முதல் 11 மாதக் குழந்தை வெளிநாடு போவதாக இருந்தால் தட்டம்மைத் தடுப்பூசி ஒரு டோஸ் முன்கூட்டியே போடச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. அந்த டோஸ் கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டும் போட வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர்கள் என்றால் அங்கே குழந்தைக்குப் போடுகிறார்கள். ஊரில் குழந்தையைக் கையில் வாங்காமல், கன்னத்தில் முத்தம் கொடுக்காமல் யாரும் போகமாட்டார்கள். இருமல், சளி இருப்பவர்களிடம் மட்டும் "சரியானதும் தூக்கிக்கோங்க சித்தி" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொட்டில் வசதியுள்ள இருக்கைகள் சிலதான் இருக்கும், டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு குறையும். குழந்தைக்கான பாலுக்கு 100 மில்லி கட்டுப்பாடு பெரும்பாலான விமான நிலையங்களில் இல்லை.

உண்மையான கஷ்டம் பெங்களூர் விமான நிலையத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி சுமார் 125 கிலோமீட்டர், தர்மபுரிக்கு இன்னும் ஒரு மணி நேரம். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, நம் ஊர்கள் தெற்கே. பெங்களூரைக் கடந்து ஓசூர் வருவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும், பண்டிகை வாரத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இறங்கும் நேரம் அதிகாலையாக இருந்தால் நல்லது.

வண்டியில் குழந்தை இருக்கை கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். பெல்ட்டிலேயே கட்டக்கூடிய, பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கையை நீங்களே கொண்டுவாருங்கள். வாடகை இன்னோவாக்களில் சீட் கவர் மாட்டும்போது பெல்ட் பூட்டும் கொக்கியைக் கவருக்கு அடியிலேயே புதைத்துவிடுவார்கள். பாதி ராத்திரி பார்க்கிங்கில் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருக்க முடியாது. "நடு சீட்ல பெல்ட் பூட்டுற இடம் வெளியே இருக்கணும், ஒரு போட்டோ அனுப்புங்க அண்ணா" என்று முதல் நாளே ஓட்டுநருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். வரவேற்க வண்டி நிறையச் சொந்தங்கள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் இருக்கைக்கு இடம் இருக்காது. ஒருவர் வந்தால் போதும். "மடியில வச்சுக்கலாம், நாங்க வளர்க்காத பிள்ளையா" என்பார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் அடித்தால் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் குழந்தைக்குப் பெல்ட்டோ பாதுகாப்பு இருக்கையோ வேண்டும் என்கிறது.

அடுத்தது தண்ணீர். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் சிரிக்கும்போது பல்லில் தெரியும் பழுப்புக் கறை அதனால் வந்ததுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவந்து 2013இல் தொடங்கியதே இதற்காகத்தான். "நல்லா கொதிக்க வச்சுதான் தர்றோம்" என்று வீட்டில் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். பால் பவுடர் கலக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் உள்ளே போவதெல்லாம் அந்தத் தண்ணீர்தான், நிலைப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் வயதும் அதுதான். எனவே வீட்டுக் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று முதலில் கேளுங்கள். போர் என்றால் ஆர்.ஓ. தண்ணீரோ நல்ல கேன் தண்ணீரோ வாங்கி, அதைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன் பவுடரைக் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுங்கள். பழகிய பவுடரை நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், அதே பெயர் இங்கே கிடைக்காமல் போகலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு 6 மாதம் வரை தண்ணீரே தேவையில்லை. 6 மாதம் தாண்டிவிட்டதென்றால் இது ராகி விளையும் பூமி. முளைகட்டிய கேழ்வரகில் பாலெடுத்துக் காய்ச்சிய கூழைப் பாட்டி கையால் சாப்பிடட்டும்.

பாட்டிகளோடு சண்டை போடாமல் மறுக்க வேண்டியவை சில உண்டு. ஒரு வயது ஆகும்வரை நாக்கில் தேன் தடவக் கூடாது, அதில் வரும் கிருமி குழந்தையை மோசமாகப் பாதிக்கக்கூடும். கண் மை, மூக்கில் எண்ணெய், குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை, 'தொக்கம்' எடுப்பது (வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி அதை எடுப்பது) எல்லாமே வேண்டாம். வந்து இறங்கியபின் ஒவ்வொன்றாகத் தடுத்தால் மனசு புண்படும். முன்பே போனில் "டாக்டர் இப்படிச் சொல்லியிருக்கார் அம்மா" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் தாலாட்டுவதையும் முழுசாக அவர்களிடம் விட்டுவிடுங்கள். தூளியில் ஆட்டட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்வரை. இரவு முழுக்கத் தூங்கச் சமமான மெத்தை, மல்லாந்த நிலை, கொசுவலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் கேரல் குழு இரவு பத்து, பதினொன்றுக்கு டிரம்மோடு வரும். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டால் எட்டு மாதக் குழந்தை வீறிடும். பங்குக் கோயில் இளைஞர்களிடம் முன்பே சொன்னால் உங்கள் வீட்டுக்கு முதலில் வந்து மெதுவாகப் பாடிவிட்டுப் போவார்கள்.

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி இரவு நன்றாகவே குளிரும். 'உன்னதங்களிலே' பாடும்போது மணியும் வேட்டும் ஒலிபெருக்கியும் ஒன்றாகச் சேரும். 25 காலைத் திருப்பலி போதும். அதைவிட அருமையானது அன்று மாலை. கூட்டம் கலைந்த கோயிலில் குடில் தனியாக இருக்கும். வைக்கோல் மேல் கிடக்கும் பாலன் சுரூபத்துக்குப் பக்கத்தில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அவசரமில்லாமல் படம் எடுக்கலாம். சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட வைத்தால் போதும். ஊரே முத்தமிட்ட இடத்தில் குழந்தையின் வாயை வைக்காதீர்கள்.

இந்தப் பயணத்திலேயே திருமுழுக்கும் (ஞானஸ்நானம்) கொடுப்பதென்றால், நீங்கள் வசிக்கும் ஊர்ப் பங்குத்தந்தையிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வர வேண்டும். ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். தர்மபுரி மறைமாவட்டம் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. உங்கள் பழைய சான்றிதழில் சேலம் என்று இருந்தால் கலங்க வேண்டியதில்லை. லுத்தரன் குடும்பங்களுக்கும் இங்கே ஆழமான வேர் உண்டு. மிசூரி லுத்தரன் மிஷன் 1895இல் தன் இந்தியப் பணியைத் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். அவர்களும் தங்கள் போதகரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. பதிவேட்டில் குழந்தையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லி, சான்றிதழை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். புத்தாண்டு வரை பங்கு அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது, பிறகு கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள்.