பதட்டத்துக்கு சி.பி.டி. போறவங்க விடுற பிழைகள், நான் விட்டதையும் சேர்த்து

சி.பி.டி.ன்னா நம்ம நெனப்பையும் நடத்தையையும் மாத்திப் பழகுற பேச்சு வைத்தியம். எனக்கு பீதித் தாக்கம், அதாவது திடீர்னு வர்ற பயங்கர பதட்டம், மொத தடவை வந்தது இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்து நுவரெலியா போற பஸ்ல, தலவாக்கலை தாண்டி ஒரு வளைவுல. நெஞ்சு படபடன்னு அடிக்குது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது, மூச்சு பத்தல, சரி இன்னையோட கதை முடிஞ்சுச்சுன்னு நெனச்சு நானுஓயாவுலயே பாதியில எறங்கிட்டேன். அப்புறம் ஈசிஜி, ரத்தம், தைரொய்ட் எல்லாம் பார்த்தாங்க, எல்லாமே நோர்மல். இந்த டெஸ்டுகள ஒரு தடவை கட்டாயம் எடுக்கத்தான் வேணும், தைரொய்ட் கூடினாலும் இதே மாதிரிதான் படபடக்கும். நான் விட்ட பிழை என்னன்னா, நோர்மல்னு சொன்ன பிறகும் வேற டாக்டர சேனல் பண்ணி (தனியார்ல காசு கட்டி நேரம் எடுத்து) திரும்ப ஈசிஜி எடுத்தது, அப்புறம் இன்னொருத்தர். ரிப்போர்ட் கையில வந்த அன்னைக்கு மட்டும் நிம்மதி, மறுநாள் விடிஞ்சா பழைய குருடி கதவைத் திறடி.

மனசுக்கு வைத்தியம்னு வாயத் தொறந்தாலே நம்ம பக்கம் "அங்கொடைக்கா?"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் ஒன்றரை வருஷத்த ஓட்டினேன். அம்மா கோயில் கோயிலா கூட்டிட்டுப் போனாங்க, கோடாங்கி பார்த்தாங்க, திருநீறு போட்டாங்க (இன்னைக்கும் போடுறாங்க, அத நான் குறை சொல்லல). அங்கொடையில இருக்குறது தேசிய மனநல நிறுவகம். பதட்டத்துக்குப் போனா அங்க புடிச்சுப் போட்டுருவாங்கன்னு நெனக்கிறது வெறும் பயம். பெரியாஸ்பத்திரிகள்லயே மனநல கிளினிக் நடக்குது, ஓ.பி.டி.யில சொன்னா அனுப்பிவைப்பாங்க, மனநல உதவி இலக்கம் 1926க்கு கோல் எடுத்து தமிழ்லயே கேக்கலாம். செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதுன்னா மட்டும் கிளினிக் நாள், சி.பி.டி.ன்னு காத்துட்டு இருக்காதீங்க, அப்பவே 1926 இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, பாஷை. டாக்டர் சிங்களத்துல கேக்குறாரு, நமக்கு அவ்வளவா வராது, உடனே தம்பிய கூட உக்கார வச்சு மொழிபெயர்க்கச் சொல்றோம். தம்பி முன்னால யாரு உள்ளத உள்ளபடி சொல்லுவா? நான் "தலைவலி"ன்னு சொல்லிட்டு வந்தேன். தமிழ் தெரிஞ்ச வைத்தியரோ உளவளத்துணையாளரோ எந்த நாள்ல இருப்பாங்கன்னு கேட்டுட்டு அந்த நாள்ல போங்க. அப்படியே "நீங்க சி.பி.டி. பழகினவங்களா"ன்னும் கூச்சப்படாம கேளுங்க, ஏன்னா ஆறுதல் சொல்ற எல்லாரும் சி.பி.டி. செய்றவங்க கிடையாது.

சி.பி.டி.ய புத்தகத் தமிழ்ல அறிகை நடத்தைச் சிகிச்சைன்னு சொல்றாங்க. அமெரிக்காவுல ஆரன் பெக்னு ஒரு மனநல வைத்தியர் 1960கள்ல மனச்சோர்வு உள்ளவங்கள பார்க்கும்போது, அவங்க மனசுல மின்னல் மாதிரி ஓடுற நெனப்புகள கவனிச்சு உண்டாக்கினது. 1986ல டேவிட் கிளார்க்னு ஒரு இங்கிலாந்து உளவியலாளர் பீதித் தாக்கத்துக்கு ஒரு விளக்கம் குடுத்தாரு, எனக்கு வெளங்கின மாதிரி சொல்றேன்: நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்குது, "ஐயோ ஹார்ட் அட்டாக்"னு நெனக்கிறோம், அந்த நெனப்புல பயம் கூடி வேகவேகமா மூச்சு வாங்குறோம், அதுல ரத்தத்துல காபனீரொட்சைட் குறைஞ்சு கை மரக்குது தலை சுத்துது, "பார்த்தியா, உண்மையாவே ஹார்ட் அட்டாக்தான்"னு திரும்ப பயம். செக்குல கட்டின மாடுதான்.

இத வெட்டுற வேலை நம்ம கையிலதான் இருக்கு, அங்கதான் முக்காவாசிப் பேர் கோட்டை விடுறோம். புத்திமதி கேக்கப் போற மாதிரி போயி, மனச கொட்டிட்டு, லேசாயிருச்சுன்னு வந்துர்றோம். பயம் வந்த நேரத்து நெனப்ப கொப்பியில எழுதிட்டு வரச் சொல்லிக் குடுத்த வீட்டுப்பாடத்த செய்றதில்ல. நான் மொத ரெண்டு வாரமும் கிளினிக் போற காலையில பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து கொப்பிய மொத்தமா நிரப்பினேன், ஸ்கூல் புள்ள மாதிரி. வைத்தியம் குடுத்தவங்க பார்த்தோன கண்டுபுடிச்சுட்டாங்க, ஏழு நாளும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து. பயம் வந்த அன்னைக்கே எழுதினா இப்படி இருக்கும்: இடம், ஹட்டன் பஸ் ஸ்டாண்ட். நெனப்பு, மயங்கி விழுந்துருவேன், சனம் சிரிக்கும். பயம், நூத்துக்கு 80. இதுவரைக்கும் இந்த நெனப்பு எத்தன தடவை வந்துச்சு? முப்பதுக்கு மேல. எத்தன தடவை விழுந்த? ஒருக்காவும் இல்ல. இப்ப பயம்? 50. பூஜ்யம் ஆகல, ஆகவும் வேணாம்.

"நல்லதையே நெனை"ங்கிறதும் சி.பி.டி.யும் ஒண்ணுன்னு நெனக்கிறது பெரிய பிழை. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்த (தோட்டத்து வரிசை வீடுகள) மண்சரிவு மூடினத நம்ம யாரும் மறக்கல. மலைச்சரிவுக்குக் கீழ லயத்துல இருக்குற ஒரு அக்காகிட்ட போயி "மழைக்குப் பயப்படாதீங்க"ன்னு சொன்னா அது வைத்தியமா? அந்தப் பயத்துல உண்மை இருக்கு. அங்க செய்யிறது வேற: மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, அம்பரா, சிவப்பான்னு பார்க்குறது, பையக் கட்டி வைக்கிறது, எங்க போறதுன்னு முடிவெடுக்குறது, செவுத்துல புது வெடிப்போ மண்கலங்கின ஊத்தோ கண்டா எச்சரிக்கைய எதிர்பார்க்காம கெளம்புறது. இதெல்லாம் செஞ்ச பிறகும் ராத்திரி பத்துத் தடவை எந்திரிச்சு டோர்ச் அடிச்சு மலையப் பார்க்குறமே, அந்தப் பத்துத் தடவையத்தான் குறைக்கணும்.

என்னோட பெரிய பிழை எலுமிச்சம்பழம். பஸ்ல மூக்குகிட்ட வச்சுக்க ஒண்ணு, தண்ணி போத்தல் ஒண்ணு, உக்காந்தா ஃபுட்போர்ட் பக்கத்து சீட்டுதான். இதெல்லாம் இருந்தா போயிருவேன், பயம் குறையிறதாவும் நெனச்சேன். ஆனா மூளை என்ன படிக்குது? "எலுமிச்சம்பழம் இருந்ததால தப்பிச்ச"ன்னு. அதனால படிப்படியா பழகச் சொன்னாங்க, மொதல்ல ஸ்டாண்ட்ல நிக்கிற பஸ்ல சும்மா உக்காரு, அப்புறம் கொட்டகலை வரைக்கும், அப்புறம் தலவாக்கலை, கடைசியா நடு சீட்டுல பழம் இல்லாம நுவரெலியா. இதுல பயம் உச்சிக்குப் போற நேரத்துல எறங்கிட்டா அவ்வளவும் வீண், எறங்கினதுதான் காப்பாத்துச்சுன்னு மனசு எழுதிக்கும். கொஞ்ச நேரம் தாக்குப்புடிச்சா பயம் தானா குறையும்.

மூணாவது வாரத்துல எனக்கு முன்ன விட மோசமா இருந்துச்சு, விட்டுரலாம்னு நெனச்சேன், ஒளிஞ்சுட்டு இருந்தத நேருக்கு நேரா பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும். பொதுவா ஆறுல இருந்து இருபது தடவை வரைக்கும் போகும். தேயிலைக் கொழுந்து எடுக்குறவங்களுக்கு கிளினிக் போற நாள் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போற நாள், வீட்டுலயும் ஏச்சு விழும், அவங்க பாதியில விட்டா நான் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா சொல்லாம நிக்காதீங்க. "வாரா வாரம் ஏலாது, மாசம் ஒருக்கா வரவா, நடுவுல போன்ல பேசலாமா"ன்னு கேளுங்க.

குளிசை குடுத்திருந்தா, நல்லாயிருக்குன்னு நீங்களா நிப்பாட்டாதீங்க, பக்கத்து வீட்டு அக்கா குடிக்கிற தூக்க குளிசைய கடன் வாங்காதீங்க, பயத்துக்கு ஒரு கால் போத்தல் சாராயம்ங்கிறதும் வேணாம்.

போன மாசம் அதே வளைவுல திரும்ப வந்துச்சு, ஒரு 60 இருக்கும். பக்கத்து சீட்டு பாட்டி மடியில லீக்ஸ் கட்டு, அந்த வாசம் மூக்குல ஏறுது, எனக்கு கை வேர்க்குது. நானுஓயா வந்துச்சு, பாட்டி எறங்கிட்டாங்க, நான் எறங்கல. நுவரெலியா டவுன்ல கால் வைக்கிறப்போ 20.