பிரஸ்ஸை மாற்றினால் குரூப் சுருங்குமா? ரீலோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிச் சுடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். நான் போகும் டெக்சாஸ் ரேஞ்சிலும் அடிக்கடி ஒரு புது முகம் தென்படும். குரூப், அதாவது இலக்கில் குண்டுகள் விழுந்த துளைகளின் கூட்டம், விரிந்துவிட்டால் அவர்கள் முதலில் குறை சொல்வது தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ்ஸைத்தான். சாதாரண சிங்கிள் ஸ்டேஜ் (ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் பிரஸ்) வைத்திருப்பவர், ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். டில்லன் 550 என்ற புரோகிரஸிவ் (பல ஸ்டேஷனில் ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் பிரஸ்) வைத்திருப்பவர், அதை விற்றுவிட்டு சிங்கிள் ஸ்டேஜுக்குப் போகலாமா என்கிறார். முதலில் டை (பிரஸ்ஸில் திருகும் அச்சு) சரியாக அமைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள் என்றுதான் இருவருக்கும் சொல்வேன். கூட்டுக்கு (தோட்டாவின் பித்தளை உறைக்கு) லூப் என்ற மசகு தடவுவது மாதிரியான பாலபாடம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

தொட்டதும் கால் சுற்று

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சுட்டு விரிந்த கூட்டைத் திரும்பச் சுருக்கும் ஃபுல் லெங்த் சைசிங் டையோடு வரும் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ராமை (பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் தண்டு) மேலே ஏற்று, அதன் நுனியில் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் டையின் அடியைத் தொடும்வரை டையை இறக்கு, அப்புறம் இன்னும் கால் சுற்று திருகு. 7/8-14 மரையில் கால் சுற்று என்றால் கிட்டத்தட்ட 0.018 அங்குலம். போல்ட் ஆக்ஷன் ரைஃபிளில் சுட்ட கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) பின்னால் போக வேண்டியதோ 0.002 அங்குலம்தான்.

.308 வின்செஸ்டர் சுடும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணா, பிரஸ் மாத்தியாச்சு, குரூப் அப்படியேதான் இருக்கு" என்றார். அவருடைய கூடு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, உள்ளே விட்டு இழுத்தேன். அந்த வளையம் இருந்த இடத்தில் பள்ளத்தில் சிக்கியது. கூடு உள்ளே மெலிந்துவிட்டது, இன்னும் ஓரிரு முறை சுட்டால் அங்கேயே அறுந்துவிடும். அப்படி அறுந்தால் சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம். சுட்ட கூட்டையும் சைஸ் செய்ததையும் கம்பாரேட்டரில் (அடியிலிருந்து தோள் வரை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 0.009 அங்குலம். பெட்டி நூறு டாலருக்கு மேல் விற்கும் லபுவா நிறுவனக் கூடுகள் மொத்தமும் குப்பைக்குப் போயின. புது பிரஸ்ஸுக்குக் கொடுத்த பணம் தனி.

பிரஸ்ஸின் வகை இங்கேதான் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. வெறும் ராமை ஏற்றினால் டையும் ஷெல் ஹோல்டரும் இறுக ஒட்டும். கூடு உள்ளே இருந்தால், அது கொடுக்கும் எதிர்ப்பில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். தடித்த வார்ப்பிரும்புச் சட்டம் உள்ள சிங்கிள் ஸ்டேஜில் அது மிகக் குறைவு. டைகள் சுழலும் தலையில் இருக்கும் டரெட் பிரஸ்ஸில் அந்தத் தலைப்பகுதி ஒரு பக்கம் லேசாக மேலெழும்பும். புரோகிரஸிவில் கூடுகளைத் தாங்கும் தட்டான ஷெல் பிளேட் சாயும். எத்தனை ஸ்டேஷனில் கூடு இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தச் சாய்வும் மாறும். அதனால் புரோகிரஸிவில் ஒரே ஒரு கூட்டை வைத்து டையை அமைத்தால், எல்லா ஸ்டேஷனும் நிரம்பி ஓடும்போது தோள் வேறு அளவில் நிற்கும். எல்லா இடத்திலும் கூடு இருக்கும்போதே அளந்து அமையுங்கள்.

உங்கள் ரைஃபிளில் சுட்ட கூடுகளில் ஐந்தாறை கம்பாரேட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டையை வேண்டுமென்றே உயர்த்தி வைத்து, சிறுகச் சிறுக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளவு பாருங்கள். 0.002 வந்ததும் லாக் ரிங்கை இறுக்குங்கள். செமி ஆட்டோ என்றால் 0.003, 0.004 வரை போகலாம். லூப் கூடிக் குறைந்தால்கூட அளவு ஆடும், கூட்டின் பித்தளை கடினமாகிவிட்டாலும் ஆடும். அதனால் ஒருமுறை அமைத்தது ஆயுசுக்கும் நிற்காது.

கழுத்து கோணினால் ராமைத் திட்டுவது

குண்டு கூட்டின் அச்சிலிருந்து விலகி உட்கார்ந்தால், பலநேரம் காரணம், டைக்குள் இருந்து கழுத்தை விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டைதான். கழுத்துக்குள் அது திரும்ப வரும்போது கழுத்தையே ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு நான்கைந்து கூடுகளை சைஸ் செய்து, கோணலைக் காட்டும் ரன்அவுட் கேஜில் உருட்டிப் பாருங்கள். கழுத்து நேராக வந்தால் பிரஸ் மேல் பழியில்லை. அப்புறம் அந்த உருண்டைக்குப் பதிலாகக் கழுத்தை அமைக்க மேண்ட்ரலோ புஷ்ஷிங் டையோ வாங்கலாம், பிரஸ் விலையில் அது சிறு தொகை.

புரோகிரஸிவ் என்றாலே துல்லியம் போச்சு என்பது

துல்லியம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெடிமருந்து அளக்கும் முறை. வார்கெட், எச்4350 போன்ற குச்சி வடிவ மருந்துகள் கொள்ளளவு மீட்டரில் சீராக விழாது. குச்சிகள் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படுவதைக் கையிலேயே உணரலாம். உருண்டை மருந்து நன்றாக விழும். குச்சி மருந்துதான் வேண்டுமென்றால் தராசில் நிறுத்து, புனல் டை வழியாக ஊற்றுங்கள். மற்ற வேலையை அதே புரோகிரஸிவ் செய்யட்டும். ஹை பவர் ரைஃபிள் போட்டிக்காரர்கள் பலர் புரோகிரஸிவில்தான் நிரப்புகிறார்கள்.

தராசுக்குப் பக்கத்தில் மின்விசிறி

அணையுங்கள்.

மூன்று தோட்டாவில் தீர்ப்பு

பழைய பிரஸ்ஸில் மூன்று, புதியதில் மூன்று சுட்டு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஒரே பெட்டித் தோட்டாவிலேயே அந்த அளவு வித்தியாசம் வரும். கூடு, மருந்து, குண்டு எல்லாம் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) எடுத்து, ஒவ்வொரு பிரஸ்ஸிலும் குறைந்தது பத்துத் தோட்டாவாவது நிரப்பி, ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுடுங்கள்.