ஜாயிண்ட் இல்லாத பாலத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு பாலத்தில் இரண்டு இளம் பொறியாளர்கள் அளவுக்கருவி பொருத்திக்கொண்டிருந்தார்கள். முதல் ரீடிங் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். "லாகர் மதியம்தான் வந்துச்சு சார். வந்ததும் ஜீரோ வச்சிட்டோம்" என்றார்கள். லாகர் என்பது ரீடிங்குகளைப் பதிவுசெய்யும் பெட்டி; ஜீரோ என்பது மற்ற ரீடிங்குகளை ஒப்பிடும் தொடக்க அளவு. எனக்கு வயிறு கலங்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடலூர்ப் பக்கம் நான் செய்த அதே தவறு. பேட்டரி தீர்ந்தது, கேபிள் அறுந்தது எல்லாம் சைட்டில் தானாகவே பிடிபடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நகர்வு ஒழிந்தது என்று நினைப்பது

எக்ஸ்பேன்ஷன் ஜாயிண்டை, அதாவது பாலம் நீளவும் சுருங்கவும் விடும் இடைவெளியை, எடுப்பதற்கு நம் கடற்கரையில் நல்ல காரணம் இருக்கிறது. ஜாயிண்ட் வழியே கசியும் நீரும் உப்பும் கர்டர் என்னும் உத்தரத்தின் முனையையும் அது உட்காரும் பேரிங்கையும் அரித்துவிடும். ஆனால் கான்கிரீட் வெயிலில் நீளத்தான் செய்யும். அந்த நீட்சியை இப்போது அபட்மென்ட் என்னும் முனைச்சுவரும், அதன் அடியில் மண்ணுக்குள் இறங்கும் பைல் தூண்களும், பின்னால் நிரப்பிய மண்ணும் தாங்குகின்றன.

வெப்பநிலை தெரியாத ஜீரோ

இதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. 60 மீட்டர் பாலம். தளத்தையும் அபட்மென்ட்டையும் இணைக்கும் கான்கிரீட் போட்டு இரண்டு வாரம் கழித்து, சித்திரை வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்கு ஜீரோ வைத்தேன். கான்கிரீட்டின் நீட்சியையும் சுருக்கத்தையும் அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜின் கேபிளில் நான்கு இழைகள். இரண்டு கேஜுக்கு, இரண்டு வெப்பநிலைக்கு. லாகரில் சேனல் போதவில்லை என்று வெப்பநிலை இழைகளை இணைக்காமலே விட்டேன்.

மார்கழியில் பாலம் சுருங்கிய கணக்கு வந்தது. எவ்வளவு குளிரால், எவ்வளவு கான்கிரீட் உலர்ந்ததால், எவ்வளவு மண் தள்ளியதால் என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கான்கிரீட் ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் 0.000012 பங்கு நீளும் என்று கணக்கிடுகிறோம். 5 டிகிரி மாறினாலே 60 மீட்டர் தளத்தில் மொத்தம் 3.6 மி.மீ. வித்தியாசம். நான் தேடிக்கொண்டிருந்த மண்ணின் நகர்வே அதைவிடச் சிறியது. ஒரு வருட ரீடிங்கும் வீண். பாலத்துக்கு அந்த முதல் வருடம் திரும்ப வராது. கான்கிரீட் உலர்வதில் பெரும்பகுதி அப்போதே நடந்து முடிந்திருந்தது.

இணைப்புக் கான்கிரீட் போடும் நேரத்தில் தளத்தின் வெப்பநிலையைக் கட்டாயம் குறித்து வையுங்கள். காற்றின் வெப்பநிலை போதாது. கர்டரின் மேலும் கீழும் நடுவிலும் கான்கிரீட்டுக்குள்ளேயே அளக்க வேண்டும். கருவி பொருத்தியதும் ஒரு முழு நாள், மணிக்கொரு ரீடிங். அதில் விடியலுக்கு முந்தையதை ஜீரோவாக வைத்துக்கொள்ளுங்கள். தளம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் நேரம் அதுதான்.

ஒரு முனையை மட்டும் அளப்பது

இரண்டு முனையும் சமமாக நகராது. இரண்டையும் அளங்கள்.

மண்ணை மறப்பது

குளிர் மாதங்களில் அபட்மென்ட் மண்ணை விட்டு மயிரிழை விலகும்; நிரப்பிய மணல் அந்த இடத்தில் இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் அபட்மென்ட் திரும்ப வரும்போது மணல் விலகிக்கொடுக்காது. இப்படி வருடத்துக்கு வருடம் மண் அழுத்தம் ஏறும், சாலையைப் பாலத்தோடு சேர்க்கும் அப்ரோச் ஸ்லாப் அடியில் பள்ளம் விழும். அழுத்தக் கருவியை மண் நிரப்பும்போதே புதைக்க வேண்டும். தார் போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டால் நான் சாலையைத்தான் தோண்ட வேண்டியிருக்கும்.

லாகர் பெட்டி

உப்புக்காற்று. மூடியின் ரப்பரை ஐப்பசிக்கு முன்பே மாற்றுங்கள்.

அளந்ததை வடிவமைத்தவருக்குக் கொடுக்காமல் இருப்பது

ஜாயிண்ட் இல்லாத பாலங்களுக்காக இந்திய சாலை காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 2018-இல் வெளியிட்ட எஸ்.பி. 115 வழிகாட்டியை வைத்துக் கணக்குப் போடுகிறோம். மண்ணின் விறைப்புக்கு ஒரு எண்ணை அனுமானித்துத்தான் ஆரம்பிக்கிறோம். இரண்டு கோடை அளந்த பிறகு அந்த எண் சரியா என்பது தெரியவரும். விறைப்பு அதிகமென்றால் அடுத்த பாலத்தில் பைல்களை ஒரே வரிசையாக வைக்கலாம், அபட்மென்ட் உயரத்தைக் குறைக்கலாம், பின்னால் இளகிக்கொடுக்கும் அடுக்கு ஒன்றைச் சேர்க்கலாம். புதுச்சேரிப் பாலத்தில் அந்த இரண்டு பொறியாளர்களிடமும் நான் அடுத்துக் கேட்டது வடிவமைப்பாளரின் தொலைபேசி எண்ணைத்தான். அவர்களிடம் அது இல்லை. அன்று மாலையே வாங்கிக்கொடுத்தேன். மறுநாள் விடியலில் ஜீரோவைத் திரும்ப எடுத்தோம்.