டர்னிப் வியாபாரம்: அனிமல் கிராசிங்கில் விலை ஏறப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது

'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற நின்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ ஆட்டத்தில், உங்கள் தீவில் வீடு கட்டக் கடன் கொடுக்கும் டாம் நுக் தரும் கடைசி வீட்டுக்கடன் 24,98,000 பெல் (ஆட்டத்துக்குள் புழங்கும் பணம்). ஒரு கடல் பாஸ் மீனை விற்றால் 400 பெல் கிடைக்கும். மீன் பிடித்தே கடனை அடைக்க நினைத்தால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் வேண்டும். ஞாயிறு அன்று டர்னிப் கிழங்கை வாங்கி, வார நாட்களில் விலை ஏறும்போது விற்பது இன்னொரு வழி. அதில் ஒரு நல்ல வாரம் வாய்த்தால் அந்த வேலை ஒரே நாளில் முடியலாம். ஜப்பானிய மொழியில் 'கபு' என்றால் டர்னிப், பங்குச்சந்தைப் பங்குக்கும் அதே உச்சரிப்புதான். இந்த வியாபாரம் ஆட்டத்துக்குள் வந்ததே அந்தச் சிலேடையில்தான். விலை தாறுமாறாக ஏறி இறங்குவதுபோல் தோன்றினாலும் அதன் பின்னால் இருப்பது நான்கே நான்கு அச்சுகள், அதாவது வாரம் முழுக்க விலை போகும் நான்கு விதங்கள்: ஊசலாட்டம், பெரிய உச்சம், சின்ன உச்சம், சரிவு.

முதலில் கொள்முதல். நுக்ஸ் கிரானி கடை கட்டி முடிந்த பிறகு, ஞாயிறுதோறும் காலை 5 மணி முதல் பகல் 12 மணி வரை டெய்சி மே என்ற பன்றிக்குட்டி தீவில் சுற்றிவரும். தலையில் டர்னிப் சுமந்திருப்பதால் அடையாளம் காண்பது எளிது. விலை 90 முதல் 110 பெல்லுக்குள் இருக்கும். பத்து பத்தாகத்தான் விற்கும். பையின் ஓர் அறையில் 100 டர்னிப் அடங்கும். நுக் மைல்ஸ் (ஆட்டத்தில் சேரும் புள்ளிகள்) கொடுத்துப் பையை இருமுறை பெரிதாக்கினால் (முதலில் 5,000 மைல், அடுத்து 8,000 மைல்) 40 அறைகள் கிடைக்கும். அதாவது ஒரே நடையில் 4,000 டர்னிப். அதற்கு ஏறக்குறைய நான்கு லட்சம் பெல் தேவை என்பதால், பணத்தை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.

வாங்கியதை வீட்டுச் சேமிப்பறைக்குள் போட முடியாது. வீட்டுத் தரையிலோ வெளியில் மண்ணிலோதான் பரப்பி வைக்க வேண்டும். வெளியில் வைத்தால், இணையம் வழியாக வரும் விருந்தினர் பொறுக்கிக்கொண்டு போகலாம். வீட்டுக்குள் ஓர் அறையை ஒதுக்கிவிடுவதே நல்லது.

விற்பனை திங்கள் முதல் சனி வரை, கடை திறந்திருக்கும் காலை 8 முதல் இரவு 10 மணிக்குள். விலை நாளுக்கு இருமுறை மாறும்: திறக்கும்போது ஒன்று, பகல் 12 மணிக்கு இன்னொன்று. ஆக வாரத்துக்குப் பன்னிரண்டு விலைகள். கடைக்காரர்களான டிம்மியிடமோ டாமியிடமோ கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் கடைக்கு வெளியே இருக்கும் பெட்டியில் டர்னிப்பைப் போட முடியாது. கடையைப் பெரிதாக்கும் வேலைக்காக ஒரு நாள் முழுவதும் பூட்டியிருக்கும். அந்த நாள் உச்ச நாளாக அமைந்தால் போச்சு. விரிவாக்க அறிவிப்பு வந்த வாரத்தில் நிறைய வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இனி கணக்கு. எல்லா விலையையும் உங்கள் தீவின் ஞாயிறு விலையோடு ஒப்பிட்டுச் சதவீதமாகப் பாருங்கள். வேறொருவர் தீவில் மலிவாக வாங்கியிருந்தாலும், கணக்குக்கு உங்கள் தீவில் டெய்சி மே சொன்ன விலையே அடிப்படை. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

திங்கள் காலை விலையே பாதி கதையைச் சொல்லிவிடும். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது ஊசலாட்ட வாரமாக இருக்கலாம், அல்லது சின்ன உச்சம் முதல் நாளே தொடங்கியிருக்கலாம். 85க்கும் 90க்கும் இடையில் இருந்தால் கவனம் தேவை: பெரிய உச்சம், வாரம் முழுக்கச் சரிவு இரண்டுமே அப்படித்தான் தொடங்கும், சின்ன உச்சத்துக்கும் வாய்ப்பு உண்டு. 80 முதல் 85 வரை என்றால் சின்ன உச்சம். 60 முதல் 80 வரை என்றால் ஊசலாட்டம் அல்லது சின்ன உச்சம். 60க்கும் கீழே போனால் பதறி விற்றுவிடாதீர்கள், சின்ன உச்சம் மட்டுமே அவ்வளவு தாழ்வாகத் தொடங்கும்.

ஊசலாட்ட வாரத்தில் விலை 140 சதவீதத்தைத் தாண்டாது. 125, 130 வந்ததும் விற்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். சரிவு வாரத்தில் ஒவ்வொரு அரைநாளும் 3 முதல் 5 சதவீதப் புள்ளிகள் இறங்கிக்கொண்டே போகும், ஏற்றமே கிடையாது.

பணம் இருப்பது உச்ச வாரங்களில். இறங்கிக்கொண்டிருந்த விலை முதன்முறை ஏறும்போது 90 முதல் 140 சதவீதத்துக்குள் நிற்கும். இதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க முடியாது, இரண்டு உச்சங்களுக்கும் இது பொது. அடுத்த அரைநாள் விலைதான் தீர்ப்பு. அது 140ஐத் தாண்டினால் பெரிய உச்சம். தாண்டாவிட்டால் சின்ன உச்சம். பெரியதில் மூன்றாவது விலை உச்சம், 200 முதல் 600 சதவீதம் வரை போகும். சின்னதில் நான்காவது விலை உச்சம், 140 முதல் 200 வரை.

ஓர் எடுத்துக்காட்டு. ஞாயிறு விலை 100. திங்கள் 87, 83. செவ்வாய் 79, 75. புதன் காலை 112 என்று ஏறுகிறது. பிற்பகலில் 168 வந்தால் கை வைக்காதீர்கள், வியாழன் காலை விற்க வேண்டும். 168ஐப் பார்த்து ஆசைப்பட்டு அன்றே தள்ளிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மறுநாள் காலை குறைந்தபட்சம் 200 உறுதி. வியாழன் பிற்பகல்வரை தூங்கிவிட்டால் மறுபடி 140–200க்கு இறங்கியிருக்கும். மாறாக, புதன் பிற்பகல் 118 மட்டுமே வந்திருந்தால் வியாழன் பிற்பகலே விற்கும் நேரம்.

எதுவரை காத்திருக்கலாம்? ஏற்றம் தொடங்கக் கடைசி வாய்ப்பு வியாழன் பிற்பகல். 87இல் தொடங்கிய வாரம் அப்போதும் இறங்குகிறது என்றால் அது சரிவு வாரம். உங்கள் கடையில் இனி ஏறாது. விலை நன்றாக இருக்கும் நண்பர் தீவைத் தேடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு அழுகிப்போகும் முன் நட்டத்தோடு விற்றுவிடுங்கள்.

போன வார அச்சு தெரிந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். சரிவு வாரத்துக்கு அடுத்து பெரிய உச்சம் வர 45 சதவீத வாய்ப்பு. பெரிய உச்சத்துக்கு அடுத்த வாரமே இன்னொன்று வருவது 5 சதவீதம்தான், ஊசலாட்டத்துக்கு 50. முதன்முறை டர்னிப் வாங்குவோருக்குச் சின்ன உச்சம் நிச்சயம். இந்தக் கணக்கையெல்லாம் கையால் போட அலுப்பாக இருந்தால் 'டர்னிப் புரொஃபெட்' இணையக் கருவியில் விலைகளை நிரப்புங்கள், ஆனால் உங்கள் தீவின் விலையை மட்டும்.

இணையம் வழியாக நண்பர் தீவுக்குப் போய் விற்க நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா வேண்டும். அவர் உங்கள் கன்சோலின் நண்பர் பட்டியலில் இல்லையென்றால் அவர் தரும் டோடோ குறியீடும் (அவர் தீவுக்குள் நுழைவதற்கான குறி) வேண்டும். விலை அவருடைய தீவின் கடிகாரப்படி. நடுவில் தொடர்பு அறுந்தால் கடைசியாகச் சேமித்த இடத்துக்கு எல்லாம் திரும்பிவிடும், விற்ற பணமும் போய்விடும். ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்காமல் இருவர் மூவராகப் போய் வருவது நல்லது.

கன்சோல் தேதியை மாற்றி ஆடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: தேதியைப் பின்னால் தள்ளினால் கையிருப்பு முழுவதும் அழுகிவிடும், ஒரு நிமிடம் தள்ளினாலும் அதே கதிதான். முன்னால் தள்ளலாம், அதுவும் அடுத்த ஞாயிறு காலை 5 மணிக்கு முன்பு வரை மட்டும். அப்படி அழுகிப்போனாலும் ஒன்றிரண்டை வெளியில் தரையில் விட்டு வையுங்கள். எறும்பு மொய்க்கும். அருங்காட்சியகத்துக்கு இன்னும் எறும்பு கொடுக்காதவர்கள் வலையோடு மெதுவாகப் போகலாம்.