பழவேற்காடு ஏரிக்குக் காரில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு ஒரு போன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி. "அண்ணா, பழவேற்காடு படகுத்துறையில நிக்கிறோம். பூநாரை எந்தப் பக்கம்?" எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அதே படகுத்துறையில் நின்று நானும் ஒரு மீனவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர் வடக்கே கையை நீட்டி, "அது அங்க இருக்கு சார்" என்றார். அவர் சொன்ன 'அங்க' அடுத்த மாநிலம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவையாவது இந்த ஏரிப் பக்கம் போய்விடுவது என் வழக்கம். தண்ணீர் எடுத்துப் போங்கள், டயரில் காற்றுப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஏரியைச் சுற்றி வந்துவிடலாம் என்று நினைப்பது

என் முதல் பயணத்தைப் பாழாக்கியது இதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் கடுப்பாக இருக்கிறது.

திட்டம் தாளில் அழகாக இருந்தது. காலை ஏழு மணிக்குச் சென்னையில் கிளம்பி, பொன்னேரி வழியாக ஒன்பது மணிக்குப் பழவேற்காடு ஊர். டச்சுக் கல்லறை, கலங்கரை விளக்கம். பிறகு கரையோரமாகவே வடக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. மாலை வெயிலில் பூநாரை. வரைபடத்தில் பழவேற்காட்டுக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவின் தென்முனைக்கும் விரலால் அளந்தேன். ஒரு விரல்கூட இல்லை.

கல்லறை வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் பாலத்தைத் தாண்டி கலங்கரை விளக்கம் பக்கம் போய், இடது கையில் வடக்கே திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் தார் போய் மணல் வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இப்படிப் போகலாமா ஐயா?" என்று கேட்டேன். காரை ஒரு பார்வை பார்த்தார். "இது தண்ணியில போகுமா?" என்றார்.

அந்த மணல்திட்டு முகத்துவாரத்தோடு முடிந்துவிடுகிறது. கடலும் ஏரியும் கலக்கிற இடம் அது. அதற்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா தீவு, ராக்கெட் ஏவுதளம், தடைசெய்யப்பட்ட பகுதி. பாலமே இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

அங்கேயே திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்திருந்தால் பாதி நாளாவது தப்பியிருக்கும். நான் விடவில்லை. கிழக்குக் கரை இல்லையென்றால் மேற்குக் கரை என்று கிராமத்துச் சாலைகளில் புகுந்தேன். அண்ணாமலைச்சேரியில் சாலை நேராகப் போய் ஏரியில் இறங்கியது. இரண்டு படகு, நான்கு நாய், பின்சீட்டில் பசி என்று சொல்லும் அக்கா பிள்ளைகள். மறுபடி கும்மிடிப்பூண்டிக்கு வந்து நெடுஞ்சாலை பிடித்து, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை தாண்டி ஏரிச் சாலையில் ஏறும்போது மணி ஐந்தரை. ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். தூரத்தில் வெளிர் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "கொக்கு மாதிரி இருக்கேப்பா" என்றார். அத்தோடு இருட்டிவிட்டது.

எரிச்சல் சாலை மீது இல்லை, என் மீதுதான். போனில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டு வழி கேட்டிருந்தால், நெடுஞ்சாலைக்குத் திரும்பு என்று அதுவே சொல்லியிருக்கும். நான் வரைபடத்தைப் பார்த்தேனே தவிர, வழியைக் கேட்கவில்லை.

ஏமாற்றுவது 'ஏரி' என்ற சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு ஏரி என்றால் கரை உண்டு, மதகு உண்டு, கரைமேல் வண்டி போகும். பழவேற்காடு அந்த வகை இல்லை. உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம், அகலம் சில இடங்களில் 17 கிலோமீட்டரைத் தாண்டும். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் வந்து சேரும் சேற்றுநிலத்தில் கரை என்று ஒன்று நிலையாக இருப்பதே இல்லை. மழைக்கு ஒரு இடம், கோடைக்கு ஒரு இடம். அதில் எங்கே சாலை போடுவது?

அதனால் இதை ஒரே இடமாக எண்ணாதீர்கள். இரண்டு தனித்தனிப் பயணம்.

தெற்கே பழவேற்காடு ஊர். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டை இருந்த இடம். இப்போது புதர் மண்டிய மேடுதான் மிச்சம். ஆனால் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. வாசலில் இருபுறமும் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். மதியம் மீன் சாப்பாடு, மாலைக்குள் வீடு. நிதானமான ஒரு நாள்.

பூநாரை வேண்டும் என்றால் வடக்கே. சென்னையிலிருந்து நெடுஞ்சாலையில் நேராகச் சூலூர்பேட்டை, 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து மணிக்குக் கிளம்பி, சூலூர்பேட்டையைத் தாண்டி இன்னும் 20 கிலோமீட்டர் போய், முதலில் நேலப்பட்டு சரணாலயத்தைப் பார்த்துவிடுங்கள். தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடா கூடு கட்டி, குஞ்சுகள் போடும் சத்தம் நடைபாதை வரை கேட்கும். வெயில் ஏறியதும் சூலூர்பேட்டைக்கு வந்து ஆந்திரச் சாப்பாடு. மூன்று மணிக்கு ஸ்ரீஹரிகோட்டா சாலை. ஏரியை நேராக வெட்டிக்கொண்டு போகிற சாலை அது, இரு பக்கமும் தண்ணீர். தீவின் வாசலில் காவல் சாவடி இருக்கிறது. அதற்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். அந்தச் சாலையில் நிழலோ கழிப்பறையோ கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எல்லாவற்றையும் சூலூர்பேட்டையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மழை நின்ற கையோடு கிளம்புவது

டிசம்பரில் ஏரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்ததும் எல்லோரும் கிளம்புகிறார்கள். நிரம்பிய ஏரி நமக்கு அழகு, பூநாரைக்கு இல்லை. அது தலையைக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கலக்கி, அலகால் வடிகட்டித் தின்கிற பறவை. முழங்கால் அளவுத் தண்ணீர் இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. ஆழமாக இருந்தால் ஆழம் குறைந்த மூலைகளுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. தண்ணீர் வடிய வடியச் சாலைப் பக்கம் வரும். என் கணக்கில் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் காலம். சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடக்கும் நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது மனிதத் தலைகள்தான் தெரியும்.

வெயில் எந்தப் பக்கம் என்று யோசிக்காதது

ஏரிச் சாலை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. காலையில் உள்ளே போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், மாலையில் திரும்பும்போதும் முகத்தில்தான். ஓட்டுகிறவருக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் பெரும் பாடு. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் படம் எடுப்பதென்றால் சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைகளை எடுங்கள், நிறம் அப்படியே வரும். தெற்கே எடுத்தால் கரிக்கட்டைகள் நிற்பது போல இருக்கும். முதல் வருடம் நான் எடுத்த 200 படமும் கரிக்கட்டைதான்.

காரை விட்டு இறங்கி ஓடுவது

கார் நின்றால் பூநாரை தலையை நிமிர்த்திப் பார்க்கும், பிறகு மேய ஆரம்பித்துவிடும். கதவைப் படாரென்று சாத்தினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தே பாருங்கள். ஓரங்கட்டி நிறுத்துங்கள், ஏவுதளத்துப் பேருந்துகள் வேகமாக வரும்.

காய்ந்த தரை என்று வண்டியை இறக்குவது

பிப்ரவரி முடியும்போது சாலையோரம் தண்ணீர் வற்றி, வெள்ளையாக உப்புப் பூத்து, மைதானம் போலக் கிடக்கும். அங்கே இறக்கி ஒரு வட்டம் அடித்தால் வீடியோ பிரமாதமாக வரும் என்று யாருக்கும் தோன்றும். மேலே இருப்பது அப்பளம் மாதிரி ஒரு ஏடு, அவ்வளவுதான். குச்சியால் குத்திப் பாருங்கள், கீழே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். பெரிய நாலு சக்கர வண்டி ஒன்று அச்சு வரை அமிழ்ந்து, டிராக்டர் வரும்வரை அந்தக் குடும்பம் சாலையில் குடை பிடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டி இழுத்ததில் முன் பம்பர் தனியாக வந்தது. போதாததற்கு அது சரணாலயம் வேறு.

ராக்கெட் ஏவும் நாளில் பறவை பார்க்கப் போவது

போகாதீர்கள். ராக்கெட் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு 2019-இல் தனியாக அரங்கம் திறந்திருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு அதற்கென்றே போங்கள்.

பழவேற்காட்டில் படகு ஏறுவது

கரையில் நின்றால் யாராவது வந்து கூப்பிடுவார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேண்டாம்.

எல்லை தாண்டிப் பெட்ரோல் போடுவது

ஆந்திராவில் விலை கூடுதல். கும்மிடிப்பூண்டியிலேயே போட்டுவிடுங்கள். வாடகை வண்டி என்றால் ஆந்திர பெர்மிட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அன்று காலை ஆரம்பாக்கத்தில் நின்று கேட்காதீர்கள்.

ஐஸ் பெட்டி இல்லாமல் இறால் வாங்குவது

பழவேற்காட்டில் இறாலைக் கண்டால் வாங்காமல் இருக்க முடியாது, சரி. ஆனால் இரண்டு பாலிதீன் பை போட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். மீஞ்சூர் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றபோது பை ஒழுகியது. அந்த சீட் உறையை நான் மாற்றியே விட்டேன். மழைக்காலத்தில் ஏசி போட்டால் இன்னும் லேசாக வாடை வருகிறது.