தண்டர்பேர்டைக் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது எப்படி?

கண்ணால் பார்ப்பவர்களுக்கு லேஅவுட் என்றால் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதுதான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவர்களுக்கு அது வேறு: எது முதலில் காதில் விழுகிறது, ஒவ்வொரு வரியும் எவ்வளவு நீளம், அடுத்த இடத்துக்குப் போக எத்தனை முறை விசையைத் தட்ட வேண்டும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இந்த மூன்றையும் மாற்றலாம், மவுஸைத் தொடவே வேண்டாம். கீழே இருப்பது விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துபவர்களுக்கு. 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில் தண்டர்பேர்டின் முகமே மாறிவிட்டதால், அதற்கு முந்தைய குறிப்புகளை வைத்துக்கொண்டு தேடினால் பாதி விஷயம் சொன்ன இடத்தில் இருக்காது.

முதலில் எங்கே நிற்கிறோம் என்று தெரியவேண்டும். எஃப்6 தட்டத் தட்ட ஃபோல்டர் பட்டியல், மெயில் பட்டியல், திறந்திருக்கும் மெயில் என்று ஒவ்வொரு பகுதியாக நகரும், ஷிப்ட்+எஃப்6 பின்னால் கொண்டுபோகும். குழம்பினால் என்விடிஏ+டேப் (என்விடிஏ விசை என்பது வழக்கமாக இன்சர்ட்), நிற்கும் இடத்தை மறுபடி சொல்லும். மெனு வரிசை மறைந்தே இருக்கும், ஆல்ட்டை ஒரு தட்டு தட்டினால் வரும். மெனுப் பெயர்களை நான் ஆங்கில இடைமுகத்தில் இருப்பது போலவே சொல்கிறேன்.

சரி, முதல் வேலை எஃப்8. இது மெயிலின் உள்ளடக்கத்தைக் காட்டும் மெசேஜ் பேன் என்ற பகுதியை மறைக்கும், மறுபடி தட்டினால் திரும்ப வரும். இதை மறைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய லாபம் என்பேன், ஏனென்றால் அது திறந்திருக்கும்போது பட்டியலில் கீழ் அம்பைத் தட்டிக்கொண்டே போனால் நீங்கள் கடந்துபோகிற ஒவ்வொரு மெயிலும் வாசித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும், அப்புறம் எதை வாசித்தோம் எதை வாசிக்கவில்லை என்று நமக்கே தெரியாது. மறைத்துவிட்டால் பட்டியலில் நிம்மதியாக உலாவலாம், வேண்டிய மெயிலில் என்டர் தட்டினால் தனி டேபில் திறக்கும், முடிந்ததும் கண்ட்ரோல்+டபிள்யூ. டேபுகள் குவிவது பிடிக்கவில்லையென்றால் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'ஓப்பன் மெசேஜஸ் இன்' என்ற இடத்தில் தனி விண்டோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து பட்டியல். இதில் கார்டு வியூ, டேபிள் வியூ என்று இரண்டு வகை. கார்டு வியூ கண்ணுக்கு அழகு, நமக்கு வேண்டாம், அதில் எது முதலில் வரவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. மெயில் பட்டியலிலிருந்து ஷிப்ட்+டேப் அடித்துப் பின்னால் போங்கள், 'மெசேஜ் லிஸ்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பொத்தான் வரும். என்டர் தட்டி டேபிள் வியூவைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். டேபிள் வியூவில் என்விடிஏ ஒரு மெயிலைச் சொல்லும்போது நெடுவரிசைகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில்தான் சொல்லும், மறைத்த நெடுவரிசையைச் சொல்லவே சொல்லாது. ஆக, தேவையில்லாததைத் தூக்கிவிட்டு, தேவையானதை முன்னால் இழுத்துவிட்டால் பாதிப் பேச்சு குறைந்துவிடும். பட்டியலிலிருந்து ஷிப்ட்+டேப் போனால் சப்ஜெக்ட், கரஸ்பாண்டன்ட்ஸ் (அனுப்பியவர் அல்லது பெறுபவர்), டேட் என்று தலைப்புகள் பொத்தான்களாக வரும், கூடவே 'செலக்ட் காலம்ஸ் டு டிஸ்ப்ளே' என்று ஒரு பொத்தானும். அதைத் திறந்தால் எல்லா நெடுவரிசைகளும் டிக் போடும் மெனுவாக வரும். அனுப்பியவர், பொருள், தேதி, வாசித்ததா இல்லையா என்பது, இணைப்பு இருக்கிறதா என்பது, இவை போதும் என்பது என் கருத்து. நட்சத்திரம், ஜங்க், சைஸ் எல்லாம் எப்போதாவது தேவைப்படுகிறவை, எடுத்துவிடலாம்.

வரிசையை மாற்ற, ஒரு தலைப்பின் மேல் நின்று ஆல்ட்டை அழுத்தியபடி இடது அல்லது வலது அம்பைத் தட்டுங்கள், அந்த நெடுவரிசை ஓரிடம் நகரும். அனுப்பியவர் பெயர் முதலில் வரட்டும். பெயரைக் கேட்டதுமே வேண்டாத மெயில் என்று தெரிந்துவிட்டால் வாக்கியம் முடியும் முன்பே அடுத்ததற்குத் தாவிவிடலாம், விளம்பர மெயில் குவியும் இன்பாக்ஸில் இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு எச்சரிக்கை: தலைப்பின் மேல் தவறுதலாக என்டரைத் தட்டினால் பட்டியல் அந்த நெடுவரிசைப்படி அடுக்கப்பட்டுவிடும். புது மெயிலைக் காணோம் என்று பதற வேண்டாம், டேட் தலைப்பில் என்டர் தட்டுங்கள், தலைகீழாக வந்தால் இன்னொரு தட்டு.

இந்த நெடுவரிசை மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்தான். மற்ற ஃபோல்டர்களுக்கும் வேண்டுமென்றால் அதே நெடுவரிசை மெனுவில் 'அப்ளை காலம்ஸ் டு' என்று இருக்கிறது, அதில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்தே போட்டுவிடலாம்.

உரையாடல்களாகக் கட்டிக் காட்டும் திரெடு முறை சிலருக்குப் பிடிக்கும். மூடியிருந்தால் வலது அம்பு திறக்கும், இடது அம்பு மூடும். எனக்கு அது ஒத்துவராது, புதிய பதில் பழைய மெயிலுக்குள் ஒளிந்துகொள்கிறது. வியூ மெனுவில் 'சார்ட் பை' உள்ளே 'அன்திரெடட்' என்று மாற்றினால் ஒவ்வொரு மெயிலும் தனித்தனியாக வந்துவிடும்.

டேப் அடிக்கும்போது இடையில் வந்து வழிமறிக்கும் ஸ்பேசஸ் டூல்பாரையும் (மெயில், நாட்காட்டி, முகவரிப் புத்தகம் என்று மாறுவதற்கான பொத்தான்கள் இருக்கும் பட்டை) வியூ மெனுவின் டூல்பார்ஸ் உள்ளே போய் மறைக்கலாம், நாட்காட்டி, முகவரிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் விசைகள் தனியாக உண்டு. மெயிலுக்குள் படமும் அட்டவணையுமாக வந்து என்விடிஏ திணறினால், அதே வியூ மெனுவில் 'மெசேஜ் பாடி அஸ்' உள்ளே பிளெய்ன் டெக்ஸ்ட். ஆனால் வங்கி, ரயில் டிக்கெட் மெயில்களில் சில நேரம் லிங்குகள் நீண்ட முகவரிகளாக வந்து கழுத்தை அறுக்கும், அப்போது சிம்பிள் எச்டிஎம்எல் மேல்.

என்விடிஏ பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. தண்டர்பேர்டில் நின்றுகொண்டு என்விடிஏ+கண்ட்ரோல்+பி தட்டி, 'நியூ' கொடுத்து, 'கரண்ட் அப்ளிகேஷன்' என்று தேர்ந்தெடுத்தால் தண்டர்பேர்டுக்கு மட்டும் தனி புரொஃபைல், அதாவது தனி அமைப்புத் தொகுப்பு, உருவாகும். பிறகு தண்டர்பேர்டில் இருந்தபடியே என்விடிஏ+கண்ட்ரோல்+ஓ தட்டினால் ஆப்ஜெக்ட் பிரசன்டேஷன் அமைப்புகள் திறக்கும். அதில் 'ரிப்போர்ட் ஆப்ஜெக்ட் பொசிஷன் இன்ஃபர்மேஷன்' டிக்கை எடுத்துவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் இத்தனையில் இத்தனையாவது என்று சொல்வது நிற்கும். பேச்சு வேகத்தையும் இங்கே மட்டும் கூட்டிக்கொள்ளலாம். தமிழ் மெயில் அதிகம் வருகிறவர்கள் இந்தப் புரொஃபைலிலேயே ஈஸ்பீக் தமிழையோ, விண்டோஸின் வள்ளுவர் குரலையோ வைத்துக்கொள்ளலாம், பிரௌசரில் பழைய குரலே இருக்கும். கடைசியில் என்விடிஏ+கண்ட்ரோல்+சி தட்டிச் சேமியுங்கள்.